ட்ரேடர் ஜோஸ்: ஒரு மளிகைக் கடைக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்? அந்த அன்புக்கு அது தகுதியானதுதானா?

கலிஃபோர்னியாவிலோ நியூ ஜெர்சியிலோ வேலை பார்க்கும் உங்கள் நண்பர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது பெட்டியில் என்ன கொண்டுவருகிறார் என்று கவனியுங்கள். முன்பெல்லாம் பாதாம், பிஸ்தா, ஒரு பெரிய சாக்லேட் பாக்கெட், சென்ட் பாட்டில். இப்போது அந்த வரிசையில் ஒரு மசாலா டப்பா, வேர்க்கடலை வெண்ணெய் வைத்த சாக்லேட், கூடவே ஒரு சின்ன கேன்வாஸ் பை. பையில் 'ட்ரேடர் ஜோஸ்' என்று எழுதியிருக்கும். அதை மாட்டிக்கொண்டு மெட்ரோவில் போகும் ஆட்களை நீங்களும் பார்த்திருக்கலாம். அந்தக் கடைக்கு அமெரிக்காவுக்கு வெளியே ஒரு கிளைகூடக் கிடையாது.

அந்தப் பையின் விலை 2.99 டாலர். 2024 தொடக்கத்தில் அது கடைக்கு வந்தபோது, அன்றைய மதிப்பில் சுமார் 250 ரூபாய். சில நாட்களில் விற்றுத் தீர்ந்தது. இணைய ஏலத் தளங்களில் அதையே பல நூறு டாலருக்குப் போட்டிருந்தார்கள். (போட்ட விலைக்கெல்லாம் வாங்க ஆள் வந்தார்களா என்பது வேறு கேள்வி. 'கேட்கும் விலை' வேறு, 'விற்ற விலை' வேறு. வைரல் செய்திகள் பெரும்பாலும் முதலாவதைத்தான் தலைப்பில் போடுகின்றன.)

இதைவிட விசித்திரமான கதை கனடாவில் நடந்தது. வான்கூவரில் மைக் ஹாலட் என்பவர் 2012-ல் 'பைரேட் ஜோஸ்' என்று ஒரு கடை திறந்தார். எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போவார், ட்ரேடர் ஜோஸில் முழு விலை கொடுத்து வண்டி நிறைய வாங்குவார், திரும்பி வந்து லாபம் வைத்து விற்பார். அவ்வளவுதான் தொழில். நிறுவனம் 2013-ல் வழக்குப் போட்டது. அவர் குறும்பாகப் பெயர்ப் பலகையின் முதல் எழுத்தைக் கழற்றி, 'ஐரேட் ஜோஸ்', அதாவது 'கடுப்பான ஜோ', என்று ஆக்கினார். 2017-ல்தான் கடையை மூடினார். ஒரு மளிகைக் கடையின் சரக்கைக் கடத்திவந்து விற்றால் ஐந்து வருடம் பிழைக்கலாம் என்றால், அந்தக் கடையில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் இல்லையா?

என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். என் பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்களுக்காகப் பொருட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் அந்தக் கடை கெட்டிக்காரக் கடை, அதற்கான பாராட்டு நியாயமானது. ஆனால் ரசிகர்கள் அதோடு நிற்பதில்லை. 'நல்ல கம்பெனி' என்ற சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சான்றிதழைத்தான் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முட்டையில் தொடங்கிய கதை

ஜோ கூலோம் என்ற இளைஞர் 1958-ல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 'ப்ரோன்டோ மார்க்கெட்' என்ற சின்னக் கடைகளை நடத்தத் தொடங்கினார். பால், ரொட்டி, சிகரெட், பீர் என்று அவசரத்துக்கு வாங்கும் தெருமுனைக் கடைகள். 1960-களின் நடுவில், அதே தொழிலில் பெரிய கையான செவன்-இலெவன் கலிஃபோர்னியாவுக்குள் வந்தது. அதோடு மோதினால் நசுங்கிவிடுவோம் என்று கூலோமுக்குப் புரிந்தது.

அப்போது அவர் இரண்டு விஷயங்களைப் படித்தார். ஒன்று, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முன்னாள் ராணுவ வீரர்களுக்கு அரசு தந்த கல்வி உதவியால் கல்லூரி படித்தவர்கள் பெருகுகிறார்கள். இன்னொன்று, போயிங் 747 வரப்போகிறது, வெளிநாட்டுப் பயணச் செலவு குறையப்போகிறது. இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டார். படித்திருப்பார்கள், ஊர் சுற்றியிருப்பார்கள், பிரெஞ்சு சீஸ் தெரியும், ஒயின் தெரியும். ஆனால் சம்பளம் பெரிதாக இருக்காது. ஆசிரியர், இசைக் கலைஞர், பத்திரிகைக்காரர் மாதிரி ஆட்கள். (கடைசி வகையைச் சேர்ந்தவள் என்ற முறையில், கணிப்பு சரிதான்.) இவர்களுக்கென்று 1967-ல் பசடேனாவில் முதல் ட்ரேடர் ஜோஸ் திறந்தது. தென்கடல் தீவு வணிகன் வேஷம், ஊழியர்களுக்குப் பூப்போட்ட ஹவாய் சட்டை, மேலாளருக்கு 'கேப்டன்' பட்டம் என்று எல்லாம் அங்கிருந்து வந்தவை.

ஆனால் வேஷத்தைவிட முக்கியமானது அவர் சரக்கு வாங்கிய விதம். அதற்கு ஒரு முட்டைக் கதை உண்டு. 'ட்ரேடர் ஜோஸ்' என்ற பெயர் வருவதற்கு முன்பே நடந்தது. முட்டை வியாபாரி ஒருவரிடம் மிகப் பெரிய அளவு முட்டைகள் தேங்கியிருந்தன. பெரிய சங்கிலிக் கடைகளுக்கு அவை பயன்படாது. நூற்றுக்கணக்கான கிளைகளுக்கும் போதுமான சரக்கு இருந்தால்தானே அவர்களால் விளம்பரம் செய்ய முடியும்? மிகப் பெரிய முட்டை அந்த அளவுக்குக் கிடைக்காது. கூலோமுக்கு இருந்ததோ சில கடைகள். மொத்தத்தையும் எடுத்தார், சாதாரண பெரிய முட்டையின் விலைக்கே விற்றார். ஒரு டஜனின் எடை சுமார் 12% அதிகம், விலை அதே.

இந்த ஒரு தந்திரம்தான் இன்றுவரை அந்தக் கடையின் அச்சாணி. பெரியவர்களால் தொட முடியாத சின்ன அளவு சரக்கைத் தேடு, கிடைத்ததை மொத்தமாக எடு, தீர்ந்துவிட்டால் வாடிக்கையாளரிடம் 'தீர்ந்துவிட்டது' என்று சொல். 1972-ல் முதல் சொந்தப் பெயர்ப் பொருளாக கிரானோலா வந்தது. கலிஃபோர்னியாவில் மது பாட்டில்களுக்குக் குறைந்தபட்ச விலையை விதித்த சட்டப் பாதுகாப்பு 1970-களின் பிற்பகுதியில் போனதும், ஒயினில் கிடைத்த நிச்சய லாபமும் போனது. கடையின் பட்டியலைச் சுருக்கி, சொந்தப் பெயர்ப் பொருட்களில் முழுமூச்சாக இறங்கினார்.

1979-ல் கூலோம் கடையை விற்றார். வாங்கியவர் தியோ ஆல்பிரெக்ட், ஜெர்மனியின் ஆல்டி கடைகளைக் கட்டிய இரு சகோதரர்களில் ஒருவர். இந்தச் சகோதரர்கள் கடையில் சிகரெட் விற்கலாமா கூடாதா என்ற தகராறில் நிறுவனத்தை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டவர்கள். தியோவை 1971-ல் ஆள்கடத்தல்காரர்கள் பிடித்துப்போய் 17 நாள் வைத்திருந்தார்கள். வெளியே வந்தவர், கொடுத்த பணயத் தொகையைத் தொழில் செலவாகக் கணக்கில் காட்டி வரிவிலக்குக் கேட்டார்! அந்த அளவு காசில் கறார். அமெரிக்காவில் 'ஆல்டி' என்ற பெயரில் இருப்பது தெற்குக் கிளை. ட்ரேடர் ஜோஸ் வடக்குக் குடும்பத்துடையது. 'நம்ம பேட்டைக் கடை' என்று அமெரிக்கர்கள் கொஞ்சும் கடைக்கு 45 ஆண்டுகளுக்கும் மேலாக ஜெர்மன் முதலாளி.

குறைவாக வைத்தால் எப்படி அதிகம் விற்கும்?

சாதாரண அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் 30,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கும். ட்ரேடர் ஜோஸில் சுமார் 4,000. கடையும் சின்னது. 10 முதல் 15 ஆயிரம் சதுர அடிதான். ஆனால் 2010-ல் ஃபார்ச்சூன் இதழ் செய்த மதிப்பீட்டின்படி, ஒரு சதுர அடிக்கு ஆண்டுக்குச் சுமார் 1,750 டாலர் விற்பனை. அப்போது அது ஹோல் ஃபுட்ஸ் கடையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நிறுவனம் பங்குச்சந்தையில் இல்லாததால் கணக்கு வழக்கு எதையும் வெளியிடுவதில்லை. இந்த மாதிரி வெளி மதிப்பீடுகளை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

இதை விளக்க எல்லோரும் உடனே ஒரு ஆய்வைக் கையில் எடுப்பார்கள். நீங்களும் ஏதாவது மேனேஜ்மென்ட் வகுப்பில் கேட்டிருப்பீர்கள். ஷீனா அய்யங்கார், மார்க் லெப்பர் இருவரும் 2000-ல் வெளியிட்ட ஜாம் பரிசோதனை. கலிஃபோர்னியாவில் ஒரு கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது 60% பேர் நின்று பார்த்தார்கள், நின்றவர்களில் 3% பேர் வாங்கினார்கள். 6 வகை மட்டும் வைத்தபோது 40% பேர் நின்றார்கள், அவர்களில் 30% பேர் வாங்கினார்கள். தெரிவு கூடினால் மனுஷன் குழம்பிப்போவான் என்பது முடிவு.

அழகான ஆய்வு, ஆனால் அதை மட்டும் நம்பிக் கடை திறந்துவிடாதீர்கள். 2010-ல் இதேபோன்ற 50 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்தது. சில இடங்களில் அதிகத் தெரிவு குழப்புகிறது, சில இடங்களில் மகிழ்விக்கிறது. ஆகவே 'பொருள் குறைவு, அதனால் வெற்றி' என்பது பாதி விளக்கம்தான்.

மீதிப் பாதி கொள்முதலில் இருக்கிறது. நான்கு கடுகு சாஸுக்குப் பதில் ஒன்றை மட்டும் வைத்தால், அந்த ஒன்றின் விற்பனை நான்கு மடங்காகும். தயாரிப்பாளரிடம் பேரம் பேசும் பலம் கூடும். அமெரிக்காவில் அலமாரியில் இடம் பிடிக்கத் தயாரிப்பாளர்கள் கடைக்குப் பணம் கட்டுவது சகஜம். ட்ரேடர் ஜோஸ் அந்தப் பணத்தை வாங்குவதில்லை என்கிறது. கூப்பன் கிடையாது, பாயின்ட் கார்டு கிடையாது, 'ஆடித் தள்ளுபடி' மாதிரி சீசன் ஆஃபர் கிடையாது, ஆன்லைன் ஆர்டர் கிடையாது. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் மட்டும் இருந்த வீட்டு டெலிவரியையும் செலவு கட்டவில்லை என்று 2019-ல் நிறுத்தினார்கள். பிளிங்கிட், ஸெப்டோ எல்லாம் பத்து நிமிடத்தில் கொத்தமல்லியைக் கொண்டுவந்து தரும் ஊரில் இருந்து பார்த்தால், இது எப்படிப் பிழைக்கிறது என்றே தோன்றும். அந்தச் செலவுகளை வெட்டித்தான் பிழைக்கிறது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு இதுதான் முக்கியம் என்று படுகிறது. பிடிக்காத பொருளைத் திறந்து சாப்பிட்டுப் பார்த்த பிறகும் திருப்பிக் கொடுக்கலாம், பணம் வரும். தெரியாத ஊர்ச் சாப்பாட்டை ஒரு தடவை முயன்று பார்க்க இதைவிடப் பெரிய தைரியம் வேண்டாம். நம் பரோட்டாவும் பாலக் பனீரும் அமெரிக்கர்களின் ஃப்ரீஸருக்குள் நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று. கடையில் 'மலபாரி பராத்தா' என்று பெயர். சேலத்துக்காரரும் மதுரைக்காரரும் அதைத் தோசைக்கல்லில் போட்டுத் திருப்பி, ஊர் ஞாபகத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

உண்மையிலேயே மலிவா?

பல பொருட்களில் ஆமாம். எல்லாவற்றிலும் இல்லை.

புகழ்பெற்ற உதாரணம் வாழைப்பழம். ஒரு பழம் 19 சென்ட் என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விற்றார்கள். 2024-ல்தான் 23 சென்ட் ஆனது. அதற்கு முன் மற்ற கடைகள் போல எடை போட்டு, நான்கைந்தாகப் பாக்கெட் கட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு மூதாட்டி பாக்கெட்டைப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்ந்தாராம். ஏன் என்று கேட்ட அப்போதைய தலைவர் டான் பேனிடம், நாலாவது பழம் சாப்பிடும்வரை நான் இருப்பேனா தெரியாதே என்றாராம். மறுநாளே ஒற்றைப் பழ விற்பனை தொடங்கியது என்று நிறுவனமே சொல்லிக்கொள்கிறது. நல்ல கதைதான். நாம் பெட்டிக்கடையில் தாரில் இருந்து ஒற்றைப் பழம் பிய்த்து வாங்கும் பழக்கம் அங்கே ஒரு புதுமை!

இந்தக் கதையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எண்ணிக்கையில் விற்கும்போது எடை விலையை ஒப்பிடுவது கஷ்டமாகிவிடும். பழம் மட்டுமில்லை, அங்கே பல காய்கறிகளும் எண்ணிக்கையாகவோ பாக்கெட்டாகவோதான் வரும். பக்கத்துக் கடையில் ஒரு பவுண்டு இவ்வளவு என்று எழுதியிருப்பதோடு எப்படி ஒப்பிடுவீர்கள்? டப்பாக்களும் சின்னச் சின்னதாக இருக்கும். பிரபலமான 'எவ்ரிதிங் பட் த பேகல்' மசாலா நீண்ட காலம் 1.99 டாலருக்கு விற்றது. கையில் எடுக்கும்போது இரண்டு டாலர்கூட இல்லை என்று தோன்றும். உள்ளே இருப்பது 65 கிராம். பெரும்பகுதி எள், உப்பு, காய்ந்த வெங்காயம், பூண்டு. 100 கிராமுக்கு மூன்று டாலர் என்று கணக்குப் போட்டால் அதே டப்பா வேறு மாதிரி தெரியும்.

அங்கே வேலைக்குப் போகும் எவருக்கும் நான் சொல்வது இதுதான். கொட்டை வகைகள், சீஸ், ஃப்ரீஸர் சாப்பாடு, ஒயின் இவற்றில் ட்ரேடர் ஜோஸை அடிப்பது கடினம். 2002-ல் 1.99 டாலருக்கு வந்த சார்லஸ் ஷா ஒயினுக்கு 'டூ பக் சக்' என்று செல்லப் பெயரே உண்டு. ஆனால் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று மாதச் சாமான் வாங்க அது இடமில்லை. துவரம் பருப்பை இந்தியக் கடையிலும், மொத்தச் சரக்கை காஸ்ட்கோவிலும்தான் வாங்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அங்கே விற்கும் பாக்கெட் சைஸ் கட்டாது.

இதையெல்லாம் செய்வது யார்?

பொருட்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ட்ரேடர் ஜோஸ் பெயரிலேயே விற்கிறது. ஆனால் அந்த நிறுவனம் சமைப்பதில்லை, அரைப்பதில்லை, பாக்கெட் போடுவதில்லை. வேறு யாரோ செய்கிறார்கள். யார் என்று பாக்கெட்டில் இருக்காது. 'விநியோகிப்பவர்: ட்ரேடர் ஜோஸ், மன்ரோவியா, கலிஃபோர்னியா' என்று ஒரு வரி, அவ்வளவே. அமெரிக்கச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. பெரிய பெயருள்ள நிறுவனங்களும் இப்படி முகம் காட்டாமல் சப்ளை செய்வதை ஃபார்ச்சூன் 2010-லேயே எழுதியது. பீட்டா சிப்ஸ் ஒன்று பெப்சிகோ குழும நிறுவனத்தின் தயாரிப்பு. அதே சரக்கு, வேறு உறை, குறைந்த விலை. வாடிக்கையாளருக்கு லாபம்தானே என்றால், ஆமாம், லாபம்தான்.

சின்னத் தயாரிப்பாளரின் இடத்தில் இருந்து பாருங்க. 2023 ஆகஸ்டில் ஃப்ரீஸர் கிம்பாப் ஒன்று அங்கே வந்தது. கடற்பாசித் தாளில் சோறும் காய்கறியும் உருட்டிய கொரியச் சாப்பாடு, விலை 3.99 டாலர். சமூக ஊடகத்தில் பரவி, சில வாரங்களில் நாடு முழுக்கத் தீர்ந்துபோனது. அதைச் செய்தது தென்கொரியாவின் குமி நகரத்தில் உள்ள ஒரு சின்ன நிறுவனம். கொரியப் பத்திரிகைகள் தேடிப்போய் எழுதியதால் அதன் பெயர் வெளியே வந்தது. வாங்கித் தின்ற அமெரிக்கர்களில் பெரும்பாலோருக்கு அது 'ட்ரேடர் ஜோஸ் கிம்பாப்'. புகழ் முழுக்கக் கடைக்கு. நாளைக்கு வேறொருவர் இன்னும் மலிவாகச் செய்து தந்தால், உறை மாறாது, உள்ளிருப்பவர் மாறிவிடலாம்.

இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டும் உண்டு. 2024-ல் டேஸ்ட் என்ற உணவு இதழில் சிறு நிறுவனங்கள் பற்றி விரிவான கட்டுரை வந்தது. புதிதாக ஒரு சாஸையோ ஊறுகாயையோ சந்தைக்குக் கொண்டுவந்து வளர்த்தெடுக்கிறோம், அதே மாதிரிப் பொருள் சில காலத்தில் ட்ரேடர் ஜோஸ் பெயரில் மலிவாக வந்து நிற்கிறது என்று அதன் நிறுவனர்கள் சொன்னார்கள். அவர்களில் ஆசிய வம்சாவளியினர் பலர். ருசிக்கும் செய்முறைக்கும் காப்புரிமை கிடைப்பது கஷ்டம் என்பதால் சட்டப்படி பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பாட்டி சொல்லித் தந்த ஊறுகாயைப் பாட்டிலில் அடைத்து, ஆறேழு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி, அமெரிக்கர்களுக்கு அந்தச் சொல்லையே பழக்கியது ஒருவர். அறுவடை வேறொருவருக்கு.

இந்தியாவில் நிலைமை இந்த ஒரு விஷயத்தில் மேல். நீங்கள் டிமார்ட்டிலோ பிக்பாஸ்கெட்டிலோ அவர்களின் சொந்தப் பெயர்ப் பொருளை வாங்கினால், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்கள் இருக்கும். பெயருக்குச் சொந்தக்காரரின் எண்ணோடு, தயாரித்த ஆலையின் எண்ணும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணை எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் உரிமத் தளத்தில் போட்டால் யார், எந்த ஊர் என்று தெரிந்துவிடும். உங்கள் முறுக்கைச் சுட்டது யார் என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். கலிஃபோர்னியாவில் இருக்கும் உங்கள் நண்பரால் அது முடியாது.

ஹவாய் சட்டைக்குள் இருப்பவர்கள்

ரசிகர்களிடம் ஏன் பிடிக்கும் என்று கேட்டால், உணவுக்கு அடுத்து ஊழியர்களைச் சொல்வார்கள். சிரிப்பார்கள், பேசுவார்கள், வாங்கிய பொருளைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார்கள். ஒலிபெருக்கிக்குப் பதிலாகக் கப்பல் மணி. ஒரு அடி அடித்தால் இன்னொரு கவுன்டர் திற என்று அர்த்தம்.

இது தற்செயலாக வந்ததில்லை. கூலோம் தன் முழுநேர ஊழியர்களுக்குக் கலிஃபோர்னியாவின் மீடியன் குடும்ப வருமானம் அளவுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று விதி வைத்திருந்தார். அதாவது மாநிலத்தின் குடும்பங்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம், ஒரு கடை ஊழியருக்கு. சில்லறை வணிகத்தில் இது அபூர்வம். பிற்காலத்தில் ஓய்வூதியச் சேமிப்புக்கு நிறுவனம் சம்பளத்தில் 15% அளவுக்குப் போட்ட காலமும் இருந்தது. பிறகு அது படிப்படியாகச் சுருங்கியது என்பது ஊழியர்களின் முக்கியக் குறை.

2022 ஜூலையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாட்லி கிளை ஊழியர்கள் 45-க்கு 31 என்ற வாக்கில் சங்கம் அமைத்தார்கள். ட்ரேடர் ஜோஸ் வரலாற்றில் முதல் தொழிற்சங்கம். அடுத்த மாதம் மினியாபொலிஸ் கிளை சேர்ந்தது. அதே ஆகஸ்டில் நியூயார்க் யூனியன் ஸ்கொயரில் இருந்த நிறுவனத்தின் ஒயின் கடை முன்னறிவிப்பின்றி மூடப்பட்டது. அங்கும் சங்கம் அமைக்கத் தயாராகிக்கொண்டிருந்தோம், அதனால்தான் மூடினார்கள் என்றார்கள் ஊழியர்கள். இடத்தை வேறு வகையில் பயன்படுத்தப் போகிறோம் என்றது நிறுவனம். 2023-ல், கடையின் எழுத்துருவையும் நிறத்தையும் போன்ற வடிவத்தில் சங்கம் பை, குவளை விற்கிறது என்று நிறுவனம் வணிகச் சின்ன வழக்குப் போட்டது. 2024 ஜனவரியில் அதைவிடப் பெரிய அடி. தொழிலாளர் உறவு வாரிய விசாரணையில் நிறுவனத்தின் வழக்கறிஞர், அந்த வாரியமே அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று வாதத்தைப் பதிவுசெய்தார். ஸ்பேஸ்எக்ஸ் அதே மாதம் வழக்காகப் போட்ட வாதம் அது. அமேசானும் பின்னர் அதையே எடுத்தது.

இந்த இடத்தில்தான் ரசிகர் மனம் வேலை செய்கிறது. அமேசான் இப்படி வாதிட்டால் நாம் ஆச்சரியப்படமாட்டோம். பூப்போட்ட சட்டைக் கடை வாதிட்டால் 'ஏதோ தப்பாகச் செய்தி போட்டிருப்பார்கள்' என்று கடந்துபோகிறோம். நியாயமாகச் சொன்னால், அமெரிக்க மளிகைத் துறையின் சராசரியோடு ஒப்பிட இன்றும் இங்கே சம்பளமும் சலுகையும் மோசமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பைக் கடையின் குணமாகப் பார்ப்பதும், அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரர்கள் சம்பளம் பற்றிப் பேசும்போது முகம் திருப்புவதும் ஒட்டவில்லை.

கல், பூச்சி, பிளாஸ்டிக்

2023 கோடையில் அடுத்தடுத்து பொருட்களைத் திரும்பப் பெற்றார்கள். பிஸ்கட்டிலும் ஃபலாஃபலிலும் கல் இருக்கலாம், ப்ரோக்கோலி சூப்பில் பூச்சி இருக்கலாம், கிராக்கரில் உலோகத் துண்டு இருக்கலாம் என்று வரிசையாக அறிவிப்புகள். 2024 மார்ச்சில் கோழி டம்ப்ளிங்கில் பிளாஸ்டிக். மீம்கள் பறந்தன.

எண்ணிக்கையை வைத்து 'மோசமான கடை' என்று முடிவுகட்ட வேண்டாம். மற்ற கடையில் பிஸ்கட்டில் கல் இருந்தால், தலைப்பில் பிஸ்கட் கம்பெனியின் பெயர் வரும். இங்கே எல்லாமே ஒரே பெயர் என்பதால் எந்த ஆலையில் தப்பு நடந்தாலும் தலைப்பு ட்ரேடர் ஜோஸ்தான். புகழ் முழுக்கக் கடைக்குப் போகிறது என்றேனே, பழியும் அதே வழியில் வருகிறது. நான் இதைவிடக் கவனிக்க விரும்புவது 2016-ல் நடந்த ஒன்றை. குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்து காற்று மண்டலத்தைக் கெடுக்கும் வாயு கசிந்தது தொடர்பாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 5 லட்சம் டாலர் அபராதமும், மூன்று ஆண்டுகளில் 20 லட்சம் டாலர் செலவில் கசிவைக் குறைக்கும் ஏற்பாடும் செய்ய நிறுவனம் ஒப்புக்கொண்டது. பூச்சிக்கு வந்த மீம்களில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வரவில்லை.

இன்னொரு கேள்வி, இந்த மலிவு யாருக்குக் கிடைக்கிறது என்பது. கூலோம் தேடிய அதே படித்த வாடிக்கையாளர்கள் இருக்கும் இடங்களில்தான் கிளைகள் பெரும்பாலும் வருகின்றன. 'ட்ரேடர் ஜோஸ் வந்தால் அந்தப் பகுதியில் வீட்டு விலை ஏறும்' என்று ரியல் எஸ்டேட் நிறுவனங்கள் ஆண்டுதோறும் வரைபடம் போடுகின்றன. ஏறப்போகும் இடத்தைப் பார்த்துத்தான் கடை வருகிறதா என்பதை அந்த வரைபடம் சொல்லாது. ஆனால் பயம் உண்மை. 2014-ல் போர்ட்லாந்து நகரில் கறுப்பின மக்கள் நீண்ட காலம் வாழ்ந்த பகுதியில் கிளை திறக்க நகர நிர்வாகம் சலுகை விலையில் நிலம் தர முன்வந்தபோது, வாடகை ஏறி நாங்கள் வெளியேற வேண்டியிருக்கும் என்று உள்ளூர்க் கறுப்பின அமைப்பு எதிர்த்தது. கடை பின்வாங்கியது. கடை வேண்டும் என்ற மக்களும் அதே பகுதியில் இருந்தார்கள்.

நண்பரிடம் என்ன கேட்கலாம்?

இவ்வளவு படித்த பிறகும் ஏதாவது வாங்கிவரச் சொல்லத் தோன்றுகிறதா? சொல்லுங்கள். கொட்டை வைத்த சாக்லேட்டுகள் நல்லவை, ஆனால் மே மாதம் வேண்டாம், சென்னை விமான நிலையத்தைத் தாண்டுவதற்குள் குழம்பாகிவிடும். பைக்கு எடையே கிடையாது, அதனால் தயக்கம் வேண்டாம். மறுவிற்பனைத் தளத்தில் மட்டும் அதை வாங்காதீர்கள், கடை விலை மூன்று டாலர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த பேகல் மசாலாவைக் கேட்பதாக இருந்தால், எந்த ஊர் வழியாக வருகிறார் என்று முதலில் விசாரியுங்கள். அதில் கசகசா இருக்கிறது. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். வழியில் துபாயில் இறங்கி இரண்டு நாள் தங்கும் திட்டம் இருந்தால் வம்பு. தென்கொரிய விமான நிலையங்களில் இதே டப்பாவைப் பறித்துக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். வெள்ளை எள், கறுப்பு எள் இரண்டையும் லேசாக வறுத்து, காயவைத்த பூண்டும் வெங்காயமும் நொறுக்கி, கல் உப்பும் ஒரு சிட்டிகை கசகசாவும் சேர்த்தால் வீட்டிலேயே வந்துவிடும். வெண்ணெய் தடவிய டோஸ்ட்டைவிட நெய் தோசைமேல் இன்னும் நன்றாக இருக்கிறது.